நரிவெங்காயம் ஏன் பூக்கவில்லை?

தாம்பரத்தில் என் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் 2022 முதல் வளரும் நரிவெங்காயம் இதுவரை ஒருமுறைகூடப் பூக்கவில்லை. கைமுட்டி அளவு பருத்த வெண்கிழங்கு பாதி மண்ணுக்கு மேல் தெரிகிறது. மழைக்காலத்தில் பட்டையான இலைகள் துளிர்த்து, கோடையில் வாடிவிடுகின்றன. இலையற்ற காலத்தில்தான் நீண்ட தனித்தண்டில் பூக்கள் வரும் என்பதால், பங்குனி, சித்திரையில் நாள்தோறும் பார்த்து ஏமாந்தேன். இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டதாலோ என்னவோ, அணில்கூட இதைத் தொடுவதில்லை.

மண்புழு உரம் இட்டேன், முழுவெயிலில் வைத்தேன், பெரிய தொட்டிக்கும் மாற்றினேன் (அப்போது சாறு பட்டு இரண்டு நாள் கை அரித்தது). கோடையிலும் வாரம் இருமுறை நீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இலை வாடியபின் எத்தனை வாரம் நீரின்றி விட்டால் பூத்தண்டு எழும்?