புகைமூட்டம் செய்த விதை நெல் முளைப்பு குறைந்துவிட்டது: வாயுவா காரணம், நாட்பட்டதா?

கதிர்மணி:
சென்ற அறுவடையில் எடுத்து வைத்த விதை நெல். வண்டு விழுந்ததால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்தோம். மழைக்காலத்தில் மறுபடியும் வைக்க வேண்டியதாயிற்று. இப்போது பாதிதான் முளைக்கிறது. வாயுதான் கருவைக் கொன்றது என்கிறார்கள். வண்டு இன்னும் இருக்கிறது. திரும்ப மாத்திரை வைக்கலாமா?

நாற்றங்கால்:
எனக்கும் வாயுவின் மேல்தான் சந்தேகம். மீதைல் புரோமைடு செலுத்திய விதை, வேர் விடாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

விதைச்சோதனை:
இரண்டு வாயுக்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மீதைல் புரோமைடு முளைப்பைக் கெடுக்கக்கூடியதுதான். ஈரமும் வெப்பமும் கூடினால், திரும்பத் திரும்பச் செலுத்தினால் கேடு பெருகும். ஓசோன் படலத்தை அரிப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகள் 2005லும் வளரும் நாடுகள் 2015லும் அதன் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்த வேண்டியிருந்தது. மாத்திரையிலிருந்து வருவது பாஸ்பீன். 3 கிராம் மாத்திரை 1 கிராம் வாயு தரும். நன்றாகக் காய்ந்த விதையில், சொன்ன அளவில் செலுத்தினால், முளைப்பு பெரும்பாலும் அசைவதில்லை.

விதைப் பரிசோதனைதான் என் அன்றாட வேலை. "வாயு கொன்றுவிட்டது" என்று வரும் மாதிரிகளில் நான் முதலில் பார்ப்பது ஈரப்பதத்தை. விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த கணக்கு இது: ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. தோராயமான கணக்குதான், 5 முதல் 14 சதவீத ஈரப்பதத்துக்குத்தான் பொருந்தும். ஆனாலும் 10 சதவீதத்தில் இருக்கும் விதைக்கும் 13இல் இருக்கும் விதைக்கும் ஆயுளில் எட்டு மடங்கு வித்தியாசம் என்றால் யோசித்துப் பாருங்கள்!

விதையை ஈரத்தாளில் சுருட்டி முளைக்க வையுங்கள், பிறகு அந்தச் சுருளைப் பிரித்துப் பாருங்கள். மூப்படைந்த விதை ஒரே சீராக வராது: சில முந்தும், சில நாலைந்து நாள் பிந்தி மெலிந்து எழும், சில பூஞ்சணம் பூத்துக் கிடக்கும். உமியில் துளை இருந்தால் அதைக் கீறிப் பாருங்கள். கரு இருந்த இடம் மாவாகியிருந்தால் அது வண்டின் வேலை. உங்கள் ஈரப்பதம் எவ்வளவு? எதில் கட்டி வைத்தீர்கள்?

கதிர்மணி:
இன்று அளந்ததில் 14.5. சணல் சாக்கு, சுவரோடு ஒட்டி. தார்ப்பாயை மூன்றாம் நாளே எடுத்துவிட்டோம்.

விதைச்சோதனை:
விடை அதிலேயே இருக்கிறது. மழைக்காலக் காற்றின் ஈரத்தைச் சணல் சாக்கு தடுக்காது. மூன்று நாளில் பிரித்ததால் வளர்ந்த வண்டுகள் செத்திருக்கும்; முட்டையும் கூட்டுப்புழுவும் வாயுவைக் கூடுதலாகத் தாங்கும். அவைதான் திரும்ப வந்திருக்கின்றன. அரைகுறையாக வாயு செலுத்திக்கொண்டே போனால் எதிர்ப்புத்திறன் கொண்ட வண்டுகள்தான் மிஞ்சும், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் காய வையுங்கள், வெப்பம் 40 டிகிரியைத் தாண்டாமல். 12க்குக் கீழே வந்த பிறகு பயிற்சி பெற்றவரைக் கொண்டு, ஆள் புழங்காத கிடங்கில், ஓரமெல்லாம் அடைத்து, மாத்திரைப் பெட்டியில் குறித்த நாள் முழுதும் மூடி வையுங்கள். மனிதரையும் கொல்லும் வாயு அது. குடியிருக்கும் வீட்டில் கூடவே கூடாது. பிறகு காற்றுப் புகாத பையில் கட்டினால் ஈரமும் ஏறாது, வண்டும் மூச்சுவிட முடியாது.

இழந்த முளைப்பு காய வைப்பதால் திரும்பாது, மேலும் சரிவதுதான் மட்டுப்படும். அடுத்த முறை வாயு செலுத்தும் முன் ஒரு படி விதையைத் தனியே எடுத்து வைத்து, இரண்டையும் ஒரே நாளில் முளைக்கப் போடுங்கள்.