கைட்டோசான் போட்டால் குளோரின் வேண்டாமாம்!

ஈசூன் தோட்டம்: எங்கள் சமூகத் தோட்ட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியது: "மழைநீர்ப் பீப்பாயில் பென்டோனைட் களிமண்ணும் கைட்டோசான் பொடியும் கலந்தால் கிருமி செத்துவிடும், குளோரின் வேண்டாம், அப்படியே குடிக்கலாம்." படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. தெளிந்ததெல்லாம் குடிநீரா?

ஜூரோங் வேதியன்: தண்ணீரின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) எவ்வளவு என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். 6.5ஐத் தாண்டினால் கைட்டோசானின் நேர்மின்னூட்டம் பெரும்பாலும் போய்விடும். களிமண்ணும் எதிர்மின்னூட்டம், பாக்டீரியாவும் எதிர்மின்னூட்டம். எது எதைப் பிடிக்கும்?

தெம்பனிஸ் களிமண்: மழைநீரே அமிலம்தான் சார், 5.6க்கும் கீழே. இதுகூடவா தெரியாது?

ஜூரோங் வேதியன்: கான்கிரீட் கூரையில் ஓடி வந்த தண்ணீர் அப்படியே இருக்குமா? சுண்ணாம்பு கரைந்து பிஹெச் ஏறும். எண்ணைச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் களிமண்: ஏறினாலும் கைட்டோசானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி துகள்களைப் பாலம் போட்டு இணைக்கும். மின்னூட்டம் ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது?

ஜூரோங் வேதியன்: பாலம் போடட்டும், அளவு தெரிய வேண்டாமா? 1 கிராம் கைட்டோசானை 1 சதவீத அசிட்டிக் அமிலம் 100 மில்லியில் இரவு முழுக்கக் கரையுங்கள். 10 கிராம் பென்டோனைட்டை 1 லிட்டர் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மறுநாள்வரை ஊற விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே பசை, உள்ளே உலர்ந்த கட்டி. பிறகு நாலு சாடியில் லிட்டர் லிட்டராகப் பீப்பாய்த் தண்ணீர். ஒவ்வொன்றிலும் களிமண் கரைசல் 5 மில்லி, அதன்பின் கைட்டோசான் 0.1, 0.2, 0.4, 0.8 மில்லி. ஒரு நிமிடம் வேகமாக, 15 நிமிடம் மெதுவாகக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். பிஹெச் குறைவாக இருந்தால் அளவு மீறிய சாடி மறுபடி கலங்கும். துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். எந்தச் சாடி தெளிகிறது என்பதையும் பிஹெச்தான் தீர்மானிக்கும்.

செங்காங் அக்கா: இறால் ஓட்டிலிருந்து வருவதுதானே கைட்டோசான்? சைவக்காரர்கள் இருக்கும் குழுவில் சொல்ல வேண்டாமா?

ஈசூன் தோட்டம்: அக்கா, கேள்வி அதுவல்ல. கிருமி சாகிறதா?

ஜூரோங் வேதியன்: பெரும்பகுதி வண்டலோடு இறங்குகிறது, அவ்வளவுதான். வண்டலைக் கிளறினால் திரும்ப வரும். மேல்நீரைப் பதமாக வடித்துக் கொதிக்க வைக்க வேண்டும். சிங்கப்பூரின் சுவா சூ காங் நீர்நிலையத்தில் கிருமியை வடிகட்டும் செராமிக் சவ்வே இருக்கிறது. அதன் பிறகும் கிருமிநீக்கம் உண்டு. பிஹெச் கவலையே கூடாது என்றால் பாலிடாட்மேக் என்ற நேர்மின்னூட்டச் செயற்கைப் பாலிமர் பூசிய களிமண், அதன் மின்னூட்டம் மாறாது.

தெம்பனிஸ் களிமண்: ஆகா, மாட்டினீர்கள்! நம் குழாய்நீரில் கிருமிநாசினியாக இருப்பது குளோரமின். மிஞ்சிய பாலிடாட்மேக் அதோடு வினைபுரிந்தால் என்டிஎம்ஏ என்ற புற்றுநோய் அபாயமுள்ள பொருள் உருவாகும். அதற்கு உலக சுகாதார நிறுவன வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம்.

ஜூரோங் வேதியன்: பீப்பாயில் குளோரமின் எங்கிருந்து வந்தது? பேச்சை மாற்றாதீர்கள். பிஹெச்?

தெம்பனிஸ் களிமண்: ஆர்ஓ வடிகட்டி பற்றிய முந்தைய உரையாடலில், அது எவ்வளவு கழிவுநீர் விடுகிறது என்று நான் கேட்டதற்கு நீங்கள் வாயே திறக்கவில்லை. அதற்குப் பதில் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன்.

செங்காங் அக்கா: நண்டு, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் என்ன செய்வது? யாராவது சொல்லுங்களேன்.

ஜூரோங் வேதியன்: ஆர்ஓவை இங்கே இழுக்க வேண்டாம். பிஹெச் காட்டும் நிறப்பட்டை வாங்கி பீப்பாயில் முக்கிப் படம் போடுங்கள், பேசலாம்.