மறு: மறு: ‘ப்ரீஃப்ளாப் ரெய்ஸ்’, ‘மீடியம் பேர்’: நாளைக்குள் தமிழ்ச் சொல் வேண்டும்

தண்டையார்பேட்டை:
நிகழ்தகவுப் பயிற்சித்தாள் நாளை காலை 10 மணிக்கு நகலுக்குப் போகிறது. கணக்கு போக்கர் சீட்டாட்டத்தில்: கையில் இரண்டு எட்டு, மேசையில் முதல் மூன்று பொதுச்சீட்டும் (ஃப்ளாப்) விரியுமுன் ரெய்ஸ் செய்யலாமா, அதாவது பந்தயத்தொகையைக் கூட்டலாமா? விடை தயார், சொல்தான் இல்லை. தற்போதைக்கு ‘முன்விரிப்பு உயர்த்தல்’, ‘இடைநிலை இணை’.

பெரம்பூர்:
ஐயா, ‘இடைநிலை’யைப் பாடநூலில் மீடியனுக்குக் கொடுத்தாயிற்று. ‘இணை’ என்றால் பையன்கள் இணைகோடு போடுவார்கள். ‘இரட்டை’ அதைவிட மோசம்: ஏழு எப்படி இரட்டை என்று ஒருவன் எழுந்து நிற்பான். சீட்டாடுகிறவன் வாயில் வருவது ஜோடி. ‘நடு ஜோடி’, அதாவது ஏழு ஜோடி முதல் பத்து ஜோடி வரை.

திருவொற்றியூர்:
ஜோடி வடக்கிலிருந்து வந்தது. அது கிடக்கட்டும். குறள் 933: ‘உருளாயம் ஓவாது கூறின்’. ஆயம் சூதாட்டத்தில் வழங்கிய சொல். ஆ, ஆகு, ஆக்கம், ஆயம் என்பது என் கணிப்பு. தோழியர் கூட்டமும் ஆயம், பசுக்கூட்டமும் ஆயம், சேர்வதெல்லாம் ஆயம். ஆகவே ரெய்ஸ் = ஆயமேற்றம்.

பெரம்பூர்:
வருவாய்ப் பொருளில் வரும் ஆயமே வடமொழி ‘ஆய’ என்பாரும் உண்டு. ஜோடியை விரட்டிவிட்டு அதை உள்ளே விடுவானேன்?

காசிமேடு:
மீன் ஏலத்தில் கூடைக்கு ஒரு விலை விழுந்த பிறகு அதற்கு மேல் கேட்பது ‘ஏத்துறது’. இங்கும் அப்படித்தான். பிளைண்ட் பணம் (சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் சின்னத் தொகையும் பெரிய தொகையும்) முன்பே மேசையில் கிடக்கிறது. எனவே முதலில் தொகையைக் கூட்டத் துணிகிறவனும் புதிதாகக் கட்டுவதில்லை, இருப்பதன் மேல் ஏற்றுகிறான். ‘உயர்த்தல்’ என்றால் கையை உயர்த்தச் சொன்னது போலிருக்கிறது. ரெய்ஸ் ‘ஏற்றிக் கட்டல்’, கால் (முன்னவர் வைத்த அளவே வைப்பது) ‘ஈடுகட்டல்’.

பெரம்பூர்:
ஏத்திக் கட்டுவது லுங்கியை அல்லவா! ஆனாலும் மறக்காது. என் ஓட்டு அதற்கே.

தண்டையார்பேட்டை:
சொற்களை ஓட்டிப் பார்க்கிறேன்:
“எட்டு ஜோடிக்கு விரிப்பில் மூன்றாம் எட்டு வர வாய்ப்பு 11.8%. எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வர வாய்ப்பு 86.7%. நால்வர் சும்மா ஈடுகட்டி உள்ளே வந்தால், அந்தப் பெரிய சீட்டு யாரோ ஒருவருக்கு ஜோடி சேரக்கூடும். ஆகவே உனக்கு முன்னால் யாரும் ஏற்றாதபோது பெரிய பிளைண்டைப் போல் 2.5 முதல் 3 மடங்கு வரை ஏற்றிக் கட்டு. ஈடுகட்டி நுழைந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மடங்கு கூட்டு. உனக்கு முன்பே ஒருவர் ஏற்றிவிட்டால், மூன்றாம் எட்டை மட்டும் நம்பி ஈடுகட்ட, இருவரிடமும் அத்தொகையைப் போல் 15 மடங்காவது மீதி வேண்டும்.”

காசிமேடு:
அந்த 15 ஏன் என்று ஒரு வரி சேருங்கள். மூன்றாம் எட்டு ஏறக்குறைய எட்டரை முறைக்கு ஒருமுறைதான் விழும்; விழுந்தாலும் எதிராளி ஒவ்வொரு தடவையும் பணம் கொடுக்கமாட்டான். எட்டரை மடங்கோடு நின்றால் நட்டம்.

திருவொற்றியூர்:
ஃப்ளாப்புக்கு ‘முச்சீட்டு’ இருக்க ‘விரிப்பு’ ஏன்? பாய் விரிப்பா?

பெரம்பூர்:
முச்சீட்டு என்றால் மூணு சீட்டு ஆட்டம்தான் நினைவுக்கு வரும். வேண்டாம் ஐயா.

தண்டையார்பேட்டை:
மணி 12. நடு ஜோடி, விரிப்பு, ஏற்றிக் கட்டல். அனுப்பிவிட்டேன்.

திருவொற்றியூர்:
அடிக்குறிப்பிலாவது ஆயமேற்றம்?

தண்டையார்பேட்டை:
தாளில் இடமில்லை ஐயா.