பெயின்ட் உதிர்ந்த எழுத்து: மாஸ்க் போட்டால் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் விளிம்பு வருகிறது

தாழைமடல்:
வணக்கம். நண்பரின் கவிதைத் தொகுப்புக்கு அட்டை செய்துகொண்டிருக்கிறேன். 2400 பிக்சல் அகலத்தில் "காற்று" என்று ஒரே ஒரு சொல். பழைய மரக்கதவில் தீட்டிய பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்த மாதிரி அது தெரிய வேண்டும்.

முதலில் எழுத்தை ராஸ்டரைஸ் செய்து, அதாவது வெறும் படமாக மாற்றி, அழிப்பானால் சுரண்டினேன். நன்றாகவே வந்தது. அப்புறம் நண்பர், எழுத்துரு இன்னும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும் என்றார். இரண்டு நாள் மாலை வேலை அத்தோடு போயிற்று. அதனால் இந்த முறை எழுத்தை எழுத்தாகவே விட்டுவிட்டு, லேயர் மாஸ்க்கில் (கறுப்பு பட்ட இடம் மறையும், வெள்ளை பட்ட இடம் தெரியும்) கறுப்பு பிரஷ்ஷால் தீட்டி மறைக்கிறேன்.

பிரச்சினை இதுதான்: எழுத்துக்கு பெவல் (விளிம்பு புடைத்துத் தெரிவது), ஸ்ட்ரோக் (விளிம்புக் கோடு) இரண்டும் கொடுத்திருக்கிறேன். மாஸ்க்கில் எங்கே கறுப்பு வைத்தாலும் அந்த ஓட்டையைச் சுற்றியும் ஒரு கோடு, ஒரு பளபளப்பு வந்துவிடுகிறது. பெயின்ட் உதிர்ந்த மாதிரி இல்லை, சோப்பு நுரை அப்பிய மாதிரி இருக்கிறது. ஃபோட்டோஷாப்தான் பயன்படுத்துகிறேன். எதை மாற்ற வேண்டும்?

மைக்கூடு:
லேயரை இரட்டை கிளிக் செய்து பிளெண்டிங் ஆப்ஷன்ஸுக்குப் போங்கள். அங்கே "லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் போதும்.

கருங்காலி:
மைக்கூடு சொன்னது சரி. ஏன் அப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த அட்டைக்கும் உதவும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், மாஸ்க் வெட்டியது போக மிஞ்சிய வடிவத்தைத்தான் மென்பொருள் எழுத்தின் உருவமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் ஓட்டையின் ஓரமும் அதற்கு விளிம்புதான். டிக் செய்துவிட்டால், முழு எழுத்துக்கும் பெவல், ஸ்ட்ரோக் போட்ட பிறகுதான் மாஸ்க் மறைக்கும். கல்லில் கொத்திய எழுத்தாக இருந்தால் டிக் செய்யாமல் விடுவதுதான் அழகு. உதிர்ந்த பெயின்ட்டுக்கு டிக் வேண்டும்.

பிரஷ்ஷால் தீட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே முத்திரையைத் திரும்பத் திரும்பக் குத்திய மாதிரி கண் கண்டுபிடித்துவிடும். நிஜமாகவே உதிர்ந்த ஒரு சுவரைப் படம் எடுங்கள். பக்கவாட்டில் வெயில் விழும் நேரம் நல்லது, செதில்களின் நிழல் தெளிவாக விழும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி. பிறகு ஆல்ட் அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறுபடத்தைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் திரை முழுக்கத் தெரியும். அதில் கன்ட்ரோல் வி. இப்போது கன்ட்ரோல் எல் அழுத்தி, லெவல்ஸில் (கறுப்பு, வெள்ளை அளவை மாற்றும் பெட்டி) இரண்டு முனைகளையும் நடுவை நோக்கித் தள்ளுங்கள். தலைகீழாக வந்தால் கன்ட்ரோல் ஐ.

ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். மாஸ்க்கில் 0 முதல் 255 வரை 256 படிகள் இருக்கின்றன. சாம்பல் கொஞ்சம் மிஞ்சினால்தான் பெயின்ட் சில இடங்களில் மெலிந்து மட்டும் தெரியும். முழுக்கக் கறுப்பு வெள்ளையாகிவிட்டால் கத்தரித்த காகிதம் மாதிரி ஆகிவிடும்.

எழுத்து, மாஸ்க் இரண்டின் சிறுபடங்களுக்கும் நடுவே உள்ள சங்கிலியைக் கழற்றிவிட்டால், எழுத்து நின்ற இடத்திலேயே நிற்க, மாஸ்க்கில் ஒட்டிய சுவர் டெக்ஸ்ச்சரை மட்டும் நகர்த்தலாம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். "காற்று" என்பதில் ற்-இன் புள்ளி சின்னது. பெரிய செதில் ஒன்று அதன் மேல் விழுந்தால் "காறறு" ஆகிவிடும். நான் செய்த ஓர் அட்டையில் புள்ளி காணாமல் போனதை அச்சான பிறகுதான் பார்த்தேன். இன்றும் அந்தப் புத்தகத்தை எடுத்தால் கண் முதலில் அங்கேதான் போகிறது. நகர்த்தியும் சரிவராவிட்டால், 70 சதவீத ஒப்பாசிட்டியில் (அடர்த்தியில்) வெள்ளை பிரஷ் எடுத்து மாஸ்க்கில் புள்ளியின் மேல் மட்டும் ஒரு தடவை தொடுங்கள். 100 வைத்தால் புள்ளி மட்டும் நேற்று தீட்டியது போல நிற்கும்.

வரிக்குதிரை:
ஃபோட்டோஷாப் இல்லாமல் கிம்ப் என்ற பட மென்பொருளில் செய்பவர்களுக்கு: எழுத்து லேயரில் வலது கிளிக், ஆட் லேயர் மாஸ்க், வெள்ளை. மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்த நிலையில் சுவர்ப் படத்தை ஒட்டினால் அது மிதக்கும் லேயராக நிற்கும். கன்ட்ரோல் எச் அழுத்தினால் மாஸ்க்கில் இறங்கிவிடும். எழுத்தைப் பிறகும் திருத்தலாம்.

தாழைமடல்:
மூவருக்கும் நன்றி. டிக் செய்ததும் நுரை போய்விட்டது. மாடிப்படி ஓரத்துச் சுவரைப் படம் எடுத்து ஒட்டினேன், கருங்காலி சொன்ன மாதிரியே புள்ளியின் பாதி போயிருந்தது. சங்கிலியைக் கழற்றி டெக்ஸ்ச்சரை 40 பிக்சல் இடப்பக்கம் தள்ளினேன், பிரஷ்ஷே தேவைப்படவில்லை. இப்போது கா-வின் காலில் ஒரு நீளமான கீறல் விழுந்திருக்கிறது. அது நான் எதிர்பாராதது, ஆனால் அதை அப்படியே விடப்போகிறேன். எழுத்துரு தடிமனையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், மாஸ்க் கலையவில்லை.