சுருக்கி அடித்துத் தேடுவதற்கு லெவன்ஷ்டைன் தூரம் சரிவருமா?

நிரல்மணி: படம் திருத்தும் மென்பொருளுக்குக் கட்டளைத் தேடல் பெட்டி எழுதுகிறேன். 'பதி' என்று அடித்தால் 'பதிவிறக்கு', 'படத்தைத் திருப்பு' இரண்டும் வர வேண்டும். லெவன்ஷ்டைன் தூரத்தை (ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கை) வைத்து வரிசைப்படுத்தப் போகிறேன். 1965இலிருந்து இருக்கும் முறை, லைப்ரரியும் எளிதாகக் கிடைக்கிறது.

ஆழிமுத்து: வேண்டாம். எண்ணிப் பாருங்கள். 'பதி'யை 'பதிவிறக்கு' ஆக்க 4 எழுத்து சேர்க்க வேண்டும், தூரம் 4. 'வெட்டு' ஆக்கினால் தூரம் 3தான். ஓர் எழுத்துகூடப் பொருந்தாத 'வெட்டு' மேலே வந்துவிடும்! சுருக்கி அடிப்பவர் பிழை செய்யவில்லை, வேண்டுமென்றே எழுத்துகளை விடுகிறார். அடித்தவை அதே வரிசையில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். சொல்லின் முதலெழுத்தில் பொருந்தினால் மதிப்பெண் கூடும், அடுத்தடுத்துப் பொருந்தினாலும் கூடும், நடுவில் இடைவெளி விழுந்தால் குறையும். எஃப்இசட்எஃப் (fzf) என்ற தேடல் கருவி இப்படித்தான் செய்கிறது. அதற்கு அடிப்படையான ஸ்மித்-வாட்டர்மன் முறை 1981இல் மூலக்கூறு வரிசைகளை ஒப்பிட வந்தது.

கயல்: பிழையே செய்யாதவர்களுக்கான தேடல் இது. 'பதிவிரக்கு' என்று ஒருவர் அடித்தால் உங்கள் முறையில் எதுவுமே வராது. லெவன்ஷ்டைனில் தூரம் வெறும் 1. ர-ற, ல-ள-ழ தடுமாற்றம் எத்தனை பேருக்கு இருக்கிறது! அவர்களைக் கைவிடக் கூடாது.

ஆழிமுத்து: சரி, பொருத்தம் எதுவும் கிடைக்காவிட்டால் மட்டும் லெவன்ஷ்டைனுக்குப் போகலாம்.

நிரல்மணி: எழுதிப் பார்த்தேன். 'பதி'க்கு 'பக்கத்தை விரி' வருகிறதே? அதில் 'தி' எங்கே இருக்கிறது?

ஆழிமுத்து: கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'தி' என்பது த, இகரக் குறி என இரண்டு குறியீடுகள். உங்கள் நிரல் 'தை'யிலிருந்து தகரத்தையும் 'வி'யிலிருந்து குறியையும் எடுத்து ஒட்டியிருக்கிறது. முதலில் முழு எழுத்துகளாகப் பிரியுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். தமிழில் தேடல் எழுதும் எல்லோரும் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

கயல்: அது சரிதான். ஆனால் 'எதுவும் கிடைக்காவிட்டால்' என்ற நிபந்தனையை நான் ஏற்கவில்லை. 'அழி' வேண்டும் என்பவர் 'அளி' என்று அடிக்கிறார். 'அனுமதி அளி' பொருந்திவிடும், லெவன்ஷ்டைன் ஓடவே ஓடாது. இரண்டு மதிப்பெண்ணையும் எப்போதும் கணக்கிடுங்கள்.

ஆழிமுத்து: இரண்டெழுத்தில் ஒன்று பிழை என்றால் பாதியே தவறு. அதற்கும் இடம் கொடுத்தால் குப்பை கொட்டும்.

கயல்: எல்லா மாற்றத்துக்கும் ஒரே விலை வைத்தால் கொட்டும்தான். ழ-ள மாற்றத்துக்கு விலை 0.25, ழ-க மாற்றத்துக்கு 1 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள்.