ஊரோடு சேர்ந்து கலை வேலை செய்யச் சின்ன நல்கை (நிதியுதவி) வாங்கியவர்கள் உண்டா? பணம் வந்த பிறகு என்ன நடந்தது?

விழுப்புரத்திலிருந்து (தொடங்கியவர்)

கலைஞர்களுக்குக் கிடைக்கும் சின்ன நல்கைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். எங்கே விண்ணப்பிப்பது, எப்படி எழுதினால் கிடைக்கும். கிடைத்த பணத்தோடு ஊருக்குள் போனபின் என்ன ஆனது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே தொடங்குகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

நான் ஓவியம் படித்தவள். செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்தில், தெருக்கூத்துக்குக் கட்டை செய்வதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலைக்காக ஓர் அறக்கட்டளை எனக்கு இரண்டு லட்ச ரூபாய் கொடுத்தது. கட்டை என்றால் ராஜ வேஷத்துக்குத் தலையில் வைக்கும் கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் சேர்த்து. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். காய்ந்துவிட்டால் கனமே இருக்காது. ராத்திரி கட்டிக்கொண்டால் விடியும் வரை ஆட வேண்டுமே, அதற்குத்தான் அந்த மரம். செதுக்கியபின் வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டுவார்கள். ஒவ்வொரு சில்லையும் கொஞ்சம் சாய்த்து ஒட்டவேண்டும் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. 

நான் இரண்டு தப்பு செய்தேன். முதல் தப்பு காலம். முன்மொழிவில் ஜனவரி முதல் ஜூன் வரை என்று எழுதியிருந்தேன். முதல் தவணை வங்கியில் விழுந்தபோது பங்குனி பிறந்துவிட்டது. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கும் நேரம் அது. பதினெட்டு நாள், இருபது நாள் என்று பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம் (துரியோதனன் சாவை நடித்துக் காட்டும் சடங்கு), தீமிதி. ஒரு கோயில் முடிந்தால் அடுத்த ஊர். ஆடி வரைக்கும் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஒருத்தரையும் வீட்டில் பார்க்க முடியாது. கட்டை செய்யத் தெரிந்த வாத்தியாரும் அந்த ஜமாவில்தான் இருந்தார். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

இரண்டாவது தப்புதான் இன்றைக்கும் உறுத்துகிறது. என் பட்ஜெட்டில் எனக்குச் சம்பளம் இருந்தது. மரம், பசை, காகிதத்துக்குப் பணம் இருந்தது. வீடியோ எடுக்க முப்பத்தைந்தாயிரம் இருந்தது. வாத்தியாருக்கு என்று இருந்தது ‘மரியாதை’ என்ற தலைப்பில் ஒரு சால்வையும் இரண்டாயிரம் ரூபாயும்.

ஆவணியில் போய் உட்கார்ந்தபோது அவர் கோபப்படாமல்தான் கேட்டார். “நீங்க இங்க வந்து போறதுக்கு உங்களுக்குச் சம்பளம் இருக்கும்மா. சரி. வேலைய விட்டுட்டு இங்க உக்கார்ற எனக்கு?”

எனக்குப் பதில் இல்லை. அன்றைக்கே அறக்கட்டளைக்கு எழுதினேன். வீடியோவை ரத்து செய்து, அந்தப் பணத்தை வாத்தியாருக்கும் அவர் தம்பிக்கும் நாள் கணக்கில் கொடுக்க அனுமதி கேட்டேன். பத்து நாளில் சரி என்று பதில் வந்தது. கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. பதினோரு பிள்ளைகள் வந்தார்கள், அதில் ஏழு பேர் பெண் பிள்ளைகள். கட்டை வேலையில் அந்த ஊரில் அதுவரை பெண்கள் உளியைத் தொட்டதில்லை.

கோலார் தங்கவயலிலிருந்து

அக்கா, உங்கள் இரண்டாவது தப்பை நானும் செய்தேன். முதல் தப்பையும்தான், வேறு மாதிரி.

எங்கள் அப்பா, தாத்தா இருவரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். நூற்று இருபது வருட வேலை ஒரே நாளில் முடிந்துபோனது. அதற்குப் பிறகு இங்கே இருக்கிற பாதி வீடுகளில் சம்பாதிப்பவர்கள் விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரு போகிறார்கள். திரும்பி வர ராத்திரி ஆகிவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? நானே அந்த ரயிலில் ஆறு வருடம் போனவன். இருந்தும் முன்மொழிவில் ‘வாரம் மூன்று மாலைகள் பட்டறை’ என்று எழுதினேன், அப்படி எழுதினால் படிக்க நன்றாக இருந்தது.

தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கும் குடும்பப் புகைப்படங்களைச் சேர்த்து, அந்த லைனிலேயே ஒரு வீட்டில் கண்காட்சி வைப்பதுதான் திட்டம். ஒன்றரை லட்சம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாளும் கூட முடியவில்லை, அதிலும் காலையில் சர்ச், மதியம் கறிக்குழம்பு, தூக்கம். ஆறு மாத வேலைக்குப் பதினோரு மாதம் ஆனது.

நான் போட்ட கணக்கில் இன்னொன்றும் பொய்யானது. படங்களை வாங்கிவந்து ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். யாரும் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டார்கள்தான். ஒரு பாட்டி வீட்டில் சுவரில் ஒரே படம், தலையில் விளக்கு வைத்த தொப்பியோடு அவர் வீட்டுக்காரர். “இத எறக்குனா செவுத்துல வெள்ளையா தெரியும்ப்பா, அத நான் பாக்க மாட்டேன்” என்றார். பழைய ஸ்கேனர் ஒன்று வாங்கி, நண்பனின் ஸ்கூட்டரில் கட்டி, வீடு வீடாகப் போனேன். அந்தப் பாட்டி வீட்டில் படத்தை இறக்கி ஸ்கேன் செய்து மறுபடி மாட்டுகிற வரைக்கும் அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். பின்பக்கம் அட்டையைப் பிரித்தபோது உள்ளே மடித்து வைத்த ஒரு சம்பளச் சீட்டு இருந்தது. அது அங்கே இருப்பது பாட்டிக்கே தெரியாது. வாங்கிப் பார்த்துவிட்டு, இருந்த மாதிரியே மடித்து மறுபடி உள்ளே வைக்கச் சொன்னார். அதை நான் ஸ்கேன் செய்யவில்லை.

கண்காட்சிக்கு வாசலில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னது அந்த லைன் பெண்கள்தான், ஒன்பது நாள். அவர்களுக்கு நான் கொடுத்தது டீயும் மிக்சரும். அறிக்கையில் ‘சமூகத்தின் தன்னார்வப் பங்களிப்பு’ என்று பெருமையாக எழுதினேன். அந்த வரியை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. அதில் இரண்டு பேர் அந்த ஒன்பது நாளும் வீட்டு வேலைக்குப் போகாமல் சம்பளத்தை விட்டவர்கள்.

ஆங்கிலத்தில் எழுத வராது என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பெங்களூருவில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் 1993-இல் தொடங்கியது, 1995 முதல் நல்கை கொடுக்கிறது. எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பிக்கலாம் என்று அவர்கள் அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். பெங்களூரு நகரத்தின் பகுதிகளை வைத்துச் செய்யும் வேலைகளுக்கு ‘ப்ராஜெக்ட் 560’ என்று ஒன்றை 2014-இல் தொடங்கினார்கள், அந்த ஊர் பின்கோடின் முதல் மூன்று எண்தான் பெயர். நான் வாங்கியது வேறு இடத்தில். ஆனால் தமிழிலேயே எழுதலாம் என்று முன்பே தெரிந்திருந்தால், நான் பேசுகிற மாதிரி எழுதியிருப்பேன், ‘மாலைப் பட்டறை’ எல்லாம் வந்திருக்காது.

மதுரையிலிருந்து

நான் கலைஞன் இல்லை. நாடகக்காரர்கள், பொம்மலாட்டக்காரர்கள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பணம் வந்த பிறகு என் மேஜைக்கு வருகிற சிக்கல்கள் இவை.

நல்கை முழுவதும் ஒரே தடவையில் வராது. ஒரு தவணை செலவான கணக்கும் இடைக்கால அறிக்கையும் போனால்தான் அடுத்தது. கடைசித் தவணை பெரும்பாலும் எல்லாம் முடிந்து, ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கு போனபின்தான் வரும். அதாவது விழா நடத்துகிற செலவைக் கைக்காசில் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். இதற்காக வட்டிக்கு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும், நல்கையில் அவருக்கு மிஞ்சியதைவிட வட்டி அதிகம். முதல் தவணையில் எவ்வளவு தருவார்கள் என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே பேசிவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கிராமத்தில் பில் கிடைக்காது. மரம் வெட்டுகிறவர், சமைக்கிற அம்மா, மேளக்காரர் யாரிடமும் ஜி.எஸ்.டி. பில் இருக்காது. வவுச்சர் போதும், பெயர், தேதி, என்ன வேலை, எவ்வளவு, கையெழுத்து. ஐயாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்குங்கள். தபால் நிலையத்தில் கிடைக்கும், முதலிலேயே ஐம்பது வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெளிநாட்டுப் பணம். லண்டனிலிருந்து ஒரு அமைப்பு ‘உங்கள் கணக்கு எண் அனுப்புங்கள்’ என்று சொன்னால் சந்தோஷத்தில் அனுப்பிவிடாதீர்கள். கலாச்சார வேலைக்கென்று வருகிற வெளிநாட்டு நன்கொடைக்கு 2010-இல் வந்த வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (FCRA) பதிவோ முன் அனுமதியோ வேண்டும், தனி ஆளுக்கும் அது பொருந்தும். முன்பெல்லாம் பதிவு பெற்ற ஒரு சங்கம் வாங்கி, அதே பதிவு உள்ள சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அந்தப் பிரித்துக் கொடுத்தலை நிறுத்திவிட்டது. எனக்குத் தெரிந்த இரண்டு தோல்பாவைக் குழுக்களுக்கு வருடா வருடம் வந்துகொண்டிருந்தது அதோடு நின்றது.

விழுப்புரம் அம்மாவுக்கு ஒரு கேள்வி. வாத்தியாருக்கு நாள் கணக்கில் கொடுத்தீர்களே, வவுச்சரில் எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்? பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

விழுப்புரத்திலிருந்து

ஐயா, நல்ல வேளை கேட்டீர்கள்.

தங்கவயல் தம்பி, அந்தச் சம்பளச் சீட்டை ஸ்கேன் செய்யாமல் விட்டது பெரிய காரியம். சம்பளத்தை விட்ட அந்த இரண்டு பெண்களுக்கும் இப்போதுகூடக் கொடுக்கலாம், அடுத்த நல்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வவுச்சர் விஷயம். முதல் பத்து நாள் முடிந்ததும் வாத்தியாருக்கு எட்டாயிரம். திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன், ‘மூத்த கலைஞருக்கு உதவித்தொகை’ என்று. ஸ்டாம்ப் ஒட்டி நீட்டினேன். அவர் வெளிச்சத்துக்குத் திரும்பி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பேனாவை வாங்கவில்லை.

“உதவின்னு போடாதம்மா. கட்டை வேலை கத்துக்குடுத்த சம்பளம்னு போடு.”

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். அடித்த இடத்தில் நான் ஒரு சுருக்கொப்பம் போட்டேன், பக்கத்தில் அவரும் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். பிறகுதான் ஸ்டாம்ப்பின் மேல் கையெழுத்து. ஆடிட்டர் அந்த வவுச்சரைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார். பணத்தை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே திரும்பிப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். சில்லு ஒட்டாத புஜக்கட்டை இன்னும் நான்கு பாக்கி இருந்தன.