28 மி.மீ. சிப்பாய்: மூக்கைப் பார்ப்பதா, மேசையைப் பார்ப்பதா?

மஞ்சக்குப்பத்தான்:
கடலூர் முற்றுகையைச் சின்னச் சிப்பாய்ப் பொம்மைகளை வைத்து மேசைப் போர் விளையாட்டாக ஆட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1783 ஜூன் 13, ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டுவர்ட் ஒரு பக்கம், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரு பக்கம், நம்ம ஊர் மண்ணில் நடந்த சண்டை. அதற்காக 24 ஆங்கிலேய வீரர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன், 28 மி.மீ. உயரம், உலோக வார்ப்பு. கஸ்டம்ஸ் கட்டி நேற்றுதான் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒன்பது பேருக்கு அச்சுக்கோடு, அதாவது அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் விழும் கோடு, நெற்றியில் தொடங்கி மூக்கின் மேல் ஏறி இறங்கித் தாடை வரை ஓடுகிறது. இரண்டு பேருக்கு அக்குளில் உலோகம் அடைத்துக்கொண்டு கை எது, உடம்பு எது என்றே தெரியவில்லை. துப்பாக்கிகள் உலக்கைப் பருமன். இந்த விலைக்கு இது குப்பை என்கிறேன், யாராவது மறுக்க முடியுமா?

ஈயக்குதிரை:
நான் மறுக்கிறேன் தம்பி. நகைக்கடையில் தோடு பார்ப்பதுபோல் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஆடும்போது உருவம் மூன்றடி தள்ளி இருக்கும், 24 பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள், யாருடைய மூக்கை யார் பார்க்கப் போகிறார்கள்? துப்பாக்கி உலக்கை என்கிறீர்களே, கணக்குப் போடுங்கள். 28 மி.மீ. என்பது நிஜ ஆளின் அளவில் ஏறக்குறைய 56-இல் ஒரு பங்கு. அந்தக் காலத்து ஆங்கிலேயச் சிப்பாயின் பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் துளை சுமார் 19 மி.மீ., 56-ஆல் வகுத்தால் 0.34. இரும்பின் கனத்தைச் சேர்த்தாலும் முனையில் அரை மில்லிமீட்டர் வராது. அந்தத் தடிமனுக்கு உலோகம் அச்சுக்குள் ஒழுங்காக ஓடாது, ஓடினாலும் இரண்டாவது ஆட்டத்தில் முறிந்துவிடும். தெரிந்தேதான் தடிமனாக்குகிறார்கள். நான் ஒரு உருவத்தைச் சோதிப்பது இப்படித்தான்: ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, கண்ணைச் சுருக்கி நிழலை மட்டும் பார்ப்பேன். சுடுகிறானா, நடக்கிறானா, தோட்டா அடைக்கிறானா என்பது நிழலிலேயே தெரிந்தால் பாஸ்.

பண்ருட்டிப் பொம்மை:
அண்ணே, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொலு பொம்மை வேலை. தூரத்தில் வைத்துப் பார்க்கும் கணக்கு எங்களுக்கும் தெரியும், ஏழாம் படியில் நிற்கும் பொம்மைக்கு நகம் யாரும் செதுக்குவதில்லை. ஆனால் அச்சுக்கோடு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு பாதி அச்சைச் சேர்த்து எடுக்கும் எந்தப் பொம்மைக்கும் கோடு விழும், அது தவறே இல்லை. கோட்டை எங்கே விழவைக்கிறான் என்பதில்தான் கைத்திறமை இருக்கிறது. தாத்தா அச்சு எடுக்கும்போது காதுக்குப் பின்னால், கையின் ஓரமாக, புடவை மடிப்புக்குள் என்று இழுத்துக்கொண்டு போவார், பிறகு தேய்ப்பதும் சுலபம், தெரியவும் செய்யாது. முகத்தின் நடுவே கோட்டை விட்டவனுக்கு, உருவத்தை அச்சில் எப்படிப் படுக்கவைப்பது என்று யோசிக்கச் சோம்பல். அதற்கும் மூன்றடிக்கும் சம்பந்தம் இல்லை. அக்குள் அடைப்பும் அப்படித்தான், கையை அந்தக் கோணத்தில் வடிக்கும்போதே அச்சு அங்கே நுழையாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளைக்கோட்டு:
எல்லோரும் மூக்கிலேயே நிற்கிறீர்கள். மஞ்சக்குப்பத்தான் சார், அந்த உருவங்களின் கோட்டுக் கைநுனி மடிப்பு எவ்வளவு அகலம் என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
முழங்கை வரைக்கும் பாதி வருகிறது. பெரிய மடிப்பு, மூன்று நான்கு பொத்தான். கோட்டின் முன்பக்கம் மடித்துவிட்ட நெஞ்சுப் பட்டையும் அகலம்தான். ஏன்?

வெள்ளைக்கோட்டு:
நினைத்தேன். அது ஏழாண்டுப் போர்க் (1756–63) காலத்து ஆள். ஆங்கிலேயப் படைக்கு 1768-இல் புது உடை ஆணை வந்த பிறகு மடிப்பும் பட்டையும் ஒல்லியாகிவிட்டன. உங்கள் கடலூர் நடப்பது 1783-இல். அதாவது உங்களிடம் இருப்பவர்கள் இருபது வருடம் தாமதமாகச் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அச்சுக்கோட்டை அரம் வைத்துத் தேய்க்கலாம், பிசிறைப் பிளேடால் சீவலாம், தப்பான காலத்து உடுப்பை என்ன செய்வீர்கள்? என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி, இவன் யார், எந்த வருடத்து ஆள் என்பது. மூக்கெல்லாம் அதற்கு அப்புறம். ஷாக்கோ என்ற உயரமான உருளைத் தொப்பி போட்ட, கணுக்கால் வரை கால்சட்டை போட்ட சிப்பாயைக் கொண்டுவந்து வந்தவாசிப் போரில் நிறுத்துபவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். பெயிண்டிங் அற்புதம். ஆனால் 1760-இல் ஏதய்யா ஷாக்கோ?

ஈயக்குதிரை:
நீங்கள் வந்துவிட்டால் பொத்தான் எண்ணாமல் போக மாட்டீர்கள். ஜூன் மாதம் கடலூர் வெயிலில், ஆணையில் இருக்கிறபடியே கோட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டு எவன் நின்றிருப்பான்? கப்பலில் வந்த துணி கிழிந்தால் இங்கே கிடைத்ததை வைத்துத் தைத்திருப்பான். ஆணை வேறு, உடம்பில் கிடந்தது வேறு. மேசையில் இரண்டு படையும் பிரித்துத் தெரிந்தால் போதும், அதற்கு நிறம் இருக்கிறது.

வெள்ளைக்கோட்டு:
நிறம் இருக்கிறதா? வந்தவாசியையே எடுத்துக்கொள்ளுங்கள், 1760 ஜனவரி 22. பிரெஞ்சுக்காரர்களின் இடது கோடியில் அவர்கள் தளபதி லாலியின் சொந்த ரெஜிமென்ட் நின்றது, ஐரிஷ்காரர்கள், பிரெஞ்சுச் சேவையில் இருந்தாலும் சிவப்புக் கோட்டு. அவர்களுக்கு எதிரே ஆங்கிலேயரின் வலது கோடியில் டிரேப்பர் ரெஜிமென்ட், அதுவும் சிவப்பு. பிரெஞ்சு என்றால் வெள்ளை, ஆங்கிலேயன் என்றால் சிவப்பு என்று நிறத்தை நம்பி அடித்தவர் அந்தப் பக்கத்தில் யார் யார் என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான். வடிவம் சரியாக இருந்தால்தான் பிரித்தறிய முடியும். (அந்தச் சண்டையில் சிறைப்பட்ட புஸ்ஸிதான் 23 வருடம் கழித்துக் கடலூரில் தளபதி. அந்த மனிதருக்கும் நம்ம கடற்கரைக்கும் அப்படி என்ன பந்தமோ.)

ரெசின் ராஜா:
எதற்கு இந்தப் பஞ்சாயத்து? வீட்டில் ஒரு ரெசின் பிரிண்டர், அதாவது ரெசினில் உருவத்தையே அச்சிடும் 3டி பிரிண்டர், வாங்கி வையுங்கள். மடிப்பை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம், தலையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரலாம். இந்த அளவில் தலை 4 மி.மீ. இருந்தால் போதும், கடையில் வருவதெல்லாம் பூசணிக்காய். அச்சுக்கோடு என்ற பேச்சே கிடையாது.

ஈயக்குதிரை:
கோடு கிடையாது, சரி. பிரிண்ட் ஆகும்போது உருவத்தைத் தாங்கும் குச்சிகளை வெட்டிய இடத்தில் புள்ளி புள்ளியாகத் தழும்பு உண்டே? போன மே மாதம் ஒரு நண்பர் பிரிண்ட் போட்ட குதிரைப்படையை எங்கள் மொட்டைமாடியில் ஆடினோம். ஒரே மத்தியானத்தில் நான்கு வாள், ஒரு குதிரைக் கால். வெயில் பட்டால் ரெசின் இன்னும் இறுகி அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் உலோகத்துக்கு நான் வக்கீலும் இல்லை, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன் வாங்கிய பழைய உருவங்கள், ஈயம் அதிகம் கலந்த வார்ப்பு, ப்ளைவுட் அலமாரிக்குள் கதவைச் சாத்திப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தால் கால் இடுக்கிலும் பெயிண்ட் உரிந்த இடங்களிலும் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. உப்புக்காற்று என்று துடைத்து மறுபடி உள்ளே வைத்தேன், அதுதான் நான் செய்த மடத்தனம். மரமும் பசையும் விடும் அமில ஆவி, கூடவே நம்ம ஊர் ஈரம், இரண்டும் சேர்ந்து ஈயத்தை அரிக்கிறது. ஆறு பேருக்குக் கணுக்காலே பொடியாகிவிட்டது. அந்தப் பொடி விஷம், வெறுங்கையால் தொடாதீர்கள். இப்போது மீதிப் பேரைக் காற்றோட்டமான பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். அதனால் தரம் என்று கேட்டால், எந்த உலோகம் என்று கடையில் கேட்காமல் இனி நான் காசு எடுப்பதில்லை.

பண்ருட்டிப் பொம்மை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மூன்றடிக் கதையை நானும் பொறுமையாகக் கேட்டிருப்பேன் அண்ணே.

மஞ்சக்குப்பத்தான்:
சரி, முடிவைச் சொல்லிவிடுகிறேன். அக்குள் அடைத்த இரண்டு பேரைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டேன், மாற்றித் தருகிறார்களாம். மீதிப் பேரைக் கடலூருக்குக் கொண்டுபோவதில்லை, டிரேப்பர் ரெஜிமென்டாக்கி வந்தவாசிக்கு அனுப்புகிறேன், மடிப்புத் தொல்லை தீர்ந்தது. ஆனால் அச்சுக்கோடு விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை, இந்த விலைக்கு அது குறைதான். நேற்று ராத்திரி ஒன்பது முகத்தையும் அரம் வைத்துத் தேய்த்தேன், மூன்று மணி நேரம். எட்டுப் பேர் தேறினார்கள். ஒருவனுக்குக் கரண்ட் போன நேரத்தில் மூக்கே போய்விட்டது.

அவனைப் பின்வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். ஈயக்குதிரை அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வரும்போது எவன் என்று கண்டுபிடிக்கட்டும், பார்க்கலாம்.